வீட்டிலேயே செய்யும் விளையாட்டு மாவு

குழந்தைகள் உருவம் பிடித்து விளையாடும் மாவுக்குத் தேவையானவை: மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் முக்கால் கப், எலுமிச்சைச் சாறு 2 மேஜைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. கல் உப்பு வேண்டாம். அது சரியாகக் கரையாமல் மாவில் நறநறக்கும்.

எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். ஒரே நிறம் போதுமென்றால் உணவு நிறத்தையும் இப்போதே சேர்க்கலாம். சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் கூழாக இருக்கும். சில நிமிடங்களில் சட்டென்று இறுகி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டு வரும். உடனே இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் மூன்று நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மாவின் வழவழப்பே இந்தப் பிசைதலில்தான் இருக்கிறது. சூடு இருப்பதால் இது பெரியவர்கள் வேலை.

ஆறிய பின்னும் கையில் ஒட்டினால் வேகவில்லை என்று பொருள். மைதா தூவாதீர்கள், பிறகு மாவில் வெடிப்பு விழும். மீண்டும் அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கிளறுங்கள். உதிர்ந்தால் கையை நனைத்துப் பிசைந்தால் போதும்.

முழுதும் ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். சூட்டோடு மூடினால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். உப்பு மிக அதிகம் என்பதால் தின்னக் கூடாது. நாய்க்கு எட்டாமல் வைப்பது மிக முக்கியம்.