முனியறையை லினோ அச்சாக எடுக்கும் முறை

கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த மிக்மாக் பழங்குடி ஓவியர் ஆலன் சிலிபாய், தம் முன்னோர் பாறைகளில் கீறிவைத்த உருவங்களிலிருந்தே தமது ஓவியங்களுக்கான கோடுகளைப் பெற்றார். அந்த உருவங்களை நாம் நகலெடுப்பது முறையன்று. கேரளத்தின் மறையூர்ப் பகுதித் தமிழருக்குக் கண்ணெதிரே முனியறைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்காலக் கல்லறைகள், இருக்கின்றன; அவற்றையே வரையலாம்.

கற்பலகைமீது தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்காமல், எட்ட அமர்ந்து பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பிறகு கார்பன் தாளால் அதை லினோலியம் என்னும், உளியால் செதுக்கத்தக்க மென்மையான தகட்டுக்கு மாற்றுங்கள். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், எழுத்து இருந்தால் அதைத் திருப்பியே எழுத வேண்டும். செதுக்கிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் விழும். ஆகவே மூடுகல்லுக்குக் கீழுள்ள இருளில் உளியே படக் கூடாது. காலைக் குளிரில் தகடு விறைத்திருந்தால் சற்று வெயிலில் வைத்தால் இளகும். தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

மையைக் கண்ணாடிமேல் ரப்பர் உருளையால் மெல்லிதாகப் பரப்புங்கள். பட்டுப்புடவை உரசுவது போன்ற ஒலி எழுந்தால் பதம் சரி, பிசுபிசுவென்று இழுத்தால் மை மிகுதி. அச்சு இயந்திரம் தேவையில்லை: மை தடவிய தகட்டின்மேல் மெல்லிய தாளை விரித்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மீண்டும் தேய்த்தால் போதும்.

எண்ணெய் மை காயச் சில நாட்கள் ஆகும். காய்ந்தபின், 10 படிகளில் மூன்றாவதெனில், படத்தின் கீழ் இடப்புறம் 3/10 என்று பென்சிலால் குறித்து, வலப்புறம் கையொப்பமிடுவது வழக்கம்.