பழைய மிக்ஸி ஓடவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

2011-ல் தமிழக அரசு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸிகளில் பல இப்போது பரணில் கிடக்கின்றன. "மோட்டார் போச்சு" என்று ஒதுக்கியிருப்பார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் தேய்ந்திருப்பது கப்ளரோ (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த துண்டு) கார்பனோ (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கருப்புக் கட்டி)தான். இரண்டும் மலிவு, வீட்டிலேயே மாற்றலாம்.

எதையும் கழற்றும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒயரில் வெடிப்போ கருகலோ இல்லையென்றால் பிளக்கைச் சொருகி, காலி ஜாரோடு 1-ல் வையுங்கள். மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் கப்ளர். விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே பொறி பறக்கிறது என்றால் கார்பன். உறுமுகிறது, ஆனால் அசையவில்லை என்றால் உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜாரை எடுத்துவிட்டு அதன் பிளேடையும் மோட்டார் மேலுள்ள கப்ளரையும் தனித்தனியே கையால் சுற்றிப் பார்த்தால் எது இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சத்தமே இல்லையா? அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதுதான் மோட்டாருக்குச் சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு ஸ்விட்ச். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆற 20 நிமிடம் விட்டு, அதை அழுத்துங்கள். காய்ந்த மஞ்சளையோ கெட்டி மாவையோ இடைவிடாமல் அரைத்தால் இது விழுவது இயல்பு. மெக்கானிக்கைக் கூப்பிட்ட பல வீடுகளில் இந்தப் பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்திருக்கிறது.

இனி செய்வதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கப்ளர்கள் இரண்டு: மோட்டார் தண்டின் மேல் ஒன்று, ஜாருக்கு அடியில் ஒன்று. பிளேடு சிக்கினால் மோட்டாருக்குப் பதில் இதன் பற்கள் போகட்டும் என்றே மென்மையான பொருளில் செய்கிறார்கள். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்; தேய்ந்த பல் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். கழற்றும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மோட்டார் சுற்றும்போது இறுகிக்கொண்டே போகும்படி மரை வெட்டியிருப்பதால், மோட்டார் மேலுள்ள கப்ளரை மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்த் திசையில் முக்கினால் இன்னும் இறுகும், கடைசியில் உடையும். திசை தெரியாவிட்டால், இதற்கு மட்டும் பிளக்கைச் சொருகி, ஓடவிட்டு அணைத்து, வேகம் குறையும்போது மேலிருந்து பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, அடித்தட்டைத் திறங்கள். தண்டின் அடி நுனியில் காடி (பள்ளமான வெட்டு) இருந்தால் அதில் திருப்புளியைக் கொடுத்துத் தண்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, கப்ளரைத் துணி சுற்றிய கட்டிங் பிளேயரால் திருப்புங்கள். மோட்டாரின் ஃபேன் இறக்கையைப் பிடித்துத் திருப்பாதீர்கள், பிளாஸ்டிக் முறிந்துவிடும்.

கார்பன் பார்க்கவும் அதே அடித்தட்டுதான். திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் எங்கே போனது என்ற கேள்வி மாட்டும்போது கட்டாயம் வரும். மோட்டாரில் சுற்றும் பகுதியான ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும் உருளைதான் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் கருப்புக் கட்டிகள்தான் கார்பன். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல் பொறி பறக்கும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். பழையதைக் கடைக்கு எடுத்துப் போய் அளவு பார்த்தே வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு, தேயத் தேய முன்னே நகராது.

புதுக் கார்பன் போடும் முன் கம்யூட்டேட்டரைப் பாருங்கள். கறுத்திருந்தால் 600 நம்பர் உப்புத்தாளை ஒட்டிப் பிடித்து, தண்டைக் கையால் சில சுற்றுச் சுற்றுங்கள். எமரி துணி வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தலாம். பட்டைகளின் இடுக்கில் அடைந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுங்கள். பட்டை ஏதாவது தூக்கிக்கொண்டிருந்தாலோ, காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கருகி வார்னிஷ் நாற்றம் அடித்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். காயில் கட்டும் செலவு பழைய மிக்ஸிக்குக் கட்டுப்படியாவது அரிது.

பொத்தானை அழுத்தியும் உயிர் வரவில்லை, கார்பனும் நன்றாக இருக்கிறது என்றால் ஒயரைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரை (மின் அளவுகளைக் காட்டும் கருவி) 200 ஓமில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய பின்களிலும் முனைகளை வையுங்கள். மிக்ஸி ஸ்விட்ச் 1-ல் இருக்கட்டும். எண் எதுவும் வராவிட்டால், ஒயர் மிக்ஸி உடம்புக்குள் நுழையும் இடத்தில் வளைத்து வளைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கும். மூன்று பின் பிளக் என்றால் பெரிய பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே அதிகபட்ச ஓமில் வைத்தும் மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் ஷாக் அடிக்கலாம், ஓட்டவே வேண்டாம்.

ஜாரில் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த காகிதத்தின் மேல் 10 நிமிடம் வையுங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்துவிட்டன. அந்தக் கசிவு நேராக மோட்டாருக்குள்தான் இறங்கும். புஷ்ஷை அழுத்திக் கழற்றக் கருவி வேண்டும், ஜாரை மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பச்சை ஒயர் (எர்த்) பழைய இடத்துக்குப் போயிற்றா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு, மிக்ஸியைத் தொடாமல் சுவர் சுவிட்சைப் போட்டு, காலியாக 1-ல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். புதுக் கார்பன் உருளையின் வளைவுக்குத் தேய்ந்து படியும்வரை கொஞ்சம் பொறி தெரியும், பயப்பட வேண்டாம். முதல் வாரம் சட்னியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.