'வென்' வந்தாலே அட்வெர்ப் கிளாஸா? டிபெண்டென்ட் கிளாஸைத் தமிழ் வழியாகப் பிடிப்பது எப்படி

அக்கா மகன் பத்தாம் வகுப்பு. ஆங்கில வாக்கிய வகைகளான சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், அவன் கைடில் ஒரு பட்டியல். 'வென்', 'இஃப்', 'பிகாஸ்' வந்தால் அட்வெர்ப் கிளாஸ் (கிளாஸ், அதாவது clause: தனக்கென சப்ஜெக்டும் வெர்பும் உள்ள வாக்கியத் துண்டு). 'ஹூ', 'விச்' வந்தால் அட்ஜெக்டிவ் கிளாஸ். 'தட்', 'வாட்' வந்தால் நவுன் கிளாஸ். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் கேள்வித்தாள் கொஞ்சம் திரும்பினால் காலை வாரிவிடும். அவனுக்குப் புரிந்த வழியை இங்கே எழுதுகிறேன். சப்ஜெக்ட், வெர்ப் எது என்று தெரியும் என வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வெர்பை எண்ணுங்கள்

வாக்கியத்தில் காலம் காட்டும் வெர்ப் எத்தனையோ, அத்தனை கிளாஸ். 'டு கோ', 'டு ஈட்' மாதிரி வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தக் கிளாஸ் தனியே நின்றால் "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றுகிறதோ அதுதான் டிபெண்டென்ட். 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்று எழுதிப் புள்ளி வைத்தால் அது அந்தரத்தில் நிற்கும். 'அண்ட்', 'பட்' சேர்ப்பவை சமமான கிளாஸ்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

இதற்கு கிராமர் ஆப் எதுவும் வேண்டாம். அவை பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விடும், நமக்கு ஒன்றும் ஏறாது. பென்சிலால் வெர்பின் கீழே கோடு போடுங்கள். கூடவே ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இருந்தால் போதும்.

படி 2: என்ன வேலை செய்கிறது?

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். நவுன் கிளாஸ் பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும்; அட்ஜெக்டிவ் கிளாஸ் ஒரு பெயர்ச்சொல்லை விவரிக்கும்; அட்வெர்ப் கிளாஸ் எப்போது, ஏன், எந்த நிபந்தனையில் என்பது போன்றதைச் சொல்லும். மூன்று வாக்கியங்கள்:

'ஐ நோ வென் ஹி கேம்.'
'ஐ ரிமெம்பர் தி டே வென் ஹி கேம்.'
'ஐ வாஸ் ஸ்லீப்பிங் வென் ஹி கேம்.'

மூன்றிலும் 'வென் ஹி கேம்' ஒன்றேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பட்டியலை நம்பினால் மூன்றும் அட்வெர்ப் கிளாஸ். இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்:

அவன் எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியும்.
அவன் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.
அவன் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலம் மறைத்து வைத்ததைத் தமிழ் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'என்று', 'என்பது' வந்தால் பெரும்பாலும் நவுன் கிளாஸ். 'வந்த நாள்', 'படித்த பையன்' என்று ஒரு பெயர்ச்சொல்லோடு ஒட்டினால், நம் இலக்கணத்தில் பெயரெச்சம், அங்கே அட்ஜெக்டிவ் கிளாஸ். 'வந்தபோது', 'வந்ததால்', 'வந்தால்', 'வந்தாலும்' எல்லாம் அட்வெர்ப் கிளாஸ்.

படி 3: ஆங்கிலத்திலேயே சரிபாருங்கள்

கிளாஸை எடுத்துவிட்டு 'சம்திங்' போடுங்கள். 'ஐ நோ சம்திங்' நிற்கிறது; ஆக, நவுன் கிளாஸ். 'ஐ வாஸ் ஸ்லீப்பிங் சம்திங்' நிற்காது. அட்வெர்ப் கிளாஸை முன்னால் தூக்கி வைத்து ஒரு கமா போட்டாலும் பொருள் மாறாது: 'வென் ஹி கேம், ஐ வாஸ் ஸ்லீப்பிங்.' அட்ஜெக்டிவ் கிளாஸ் மட்டும் பெரும்பாலும் தன் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலேயே நிற்கும்.

வகை தெரிந்து என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 'இஃப்' நல்ல பதில். 'ஐ டோண்ட் நோ இஃப் ஹி வில் கம்': வருவானா என்று தெரியாது, நவுன் கிளாஸ், 'வில்' சரி. 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ': வந்தால் சொல்கிறேன், அட்வெர்ப் கிளாஸ், அதற்குள் இங்கே 'வில்' வரக்கூடாது. வகை தெரியாமல் இந்த விதியைப் பிடிக்கவே முடியாது.

நவுன் கிளாஸில் இன்னொரு பொறி. உள்ளே கேள்விச்சொல் இருந்தாலும் கேள்வியின் வரிசை வராது. 'ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி' தவறு. 'வேர் ஹி இஸ்' என்று வரவேண்டும். ஆபீஸ் மெயில்களில் இது தினமும் கண்ணில் படுகிறது.

கமா பற்றி ஒரே வார்த்தை. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்றால் எனக்குப் பல சகோதரர்கள், அதில் மதுரைக்காரன். இருபக்கமும் கமா போட்டால் இருப்பதே ஒருவன், மதுரை கூடுதல் தகவல். அப்படிக் கமா போட்ட இடத்தில் 'ஹூ'வுக்குப் பதில் 'தட்' எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: "தமிழில் பெயர்ச்சொல்லோடு ஒட்டுகிறது, ஆனால் விடையில் நவுன் கிளாஸ் என்று போட்டிருக்கிறார்களே?" என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். அவர் தந்த வாக்கியம் 'தி நியூஸ் தட் ஹி வன் இஸ் ட்ரூ'. நியாயமான கேள்வி. பக்கத்தில் 'தி நியூஸ் தட் ஹி பிராட் இஸ் ட்ரூ' என்பதை வையுங்கள். முதலாவது, அவன் ஜெயித்தான் என்ற செய்தி. இரண்டாவது, அவன் கொண்டுவந்த செய்தி. 'என்ற' வந்தால் கிளாஸே அந்தச் செய்தியின் உள்ளடக்கம், அதனால் நவுன் கிளாஸ். இரண்டாவதில் எதைக் கொண்டுவந்தான் என்ற இடம் உள்ளே காலியாக இருக்கிறது, செய்திதான் அதை நிரப்புகிறது. அது அட்ஜெக்டிவ் கிளாஸ். சந்தேகம் இருந்தால் 'தட்'டை எடுத்துவிட்டு 'விச்' போடுங்கள். இரண்டாவதில் பொருந்தும், முதலாவதில் பொருந்தாது.

'சோ டயர்ட் தட் ஹி ஸ்லெப்ட்' பற்றியும் கேட்டிருந்தார். தூங்கிவிடும் அளவுக்குக் களைப்பு, விளைவைச் சொல்கிறது, ஆகவே அட்வெர்ப் கிளாஸ். 'தட்'டும் மூன்று வேலை பார்க்கிறது.