புதைந்த குழாய்களை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? – புதுச்சேரித் தெரு ஒன்றை வைத்துச் செய்முறை

வடிகால் கட்ட மிஷன் வீதி மாதிரியான தெருவில் ஜேசிபி இறங்கினால், குடிநீர்க் குழாயோ மின்சாரப் புதைவடமோ எது வேண்டுமானாலும் பல்லில் மாட்டும். தோண்டுவதற்கு முன்பே வரைபடம் கையில் இருக்கட்டும்.

1. கியூஜிஐஎஸ், வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். புதிய கோப்பில் புதுச்சேரிக்குப் பொருந்தும் ஆள்கூற்று முறையான இபிஎஸ்ஜி 32644-ஐ (யுடிஎம் மண்டலம் 44 வடக்கு) தேர்ந்தெடுங்கள். அளவெல்லாம் மீட்டரில் வரும். குழாய்க்குக் கோட்டு அடுக்கு, சாக்கடை மூடிக்கும் வால்வுக்கும் புள்ளி அடுக்கு. வகை, விட்டம், ஆழம் ஆகியவற்றோடு 'எப்படித் தெரியும்?' என்றொரு நெடுவரிசையும் கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்சிஇ 38 தரநிலை இதையே ஏ, பி, சி, டி என நான்கு தரமாகப் பிரிக்கிறது; 'ஏ' மிக நம்பகமானது, 'டி' மிகக் குறைந்தது.

2. துறைகளிடம் பழைய வரைபடம் வாங்குங்கள். அந்தப் பகுதி ஃபிட்டரையும் விசாரியுங்கள். இதெல்லாம் 'டி' தரம், புள்ளிக்கோடாக வரையுங்கள்.

3. பாதாள சாக்கடை மூடிகளை அளந்தால் 'சி'. செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். குறுகிய தெருவில் குழாய் யார் வீட்டு நடுக்கூடத்திலாவது போய் நிற்கும். சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் கருவி இல்லாவிட்டால் இரண்டு வீட்டு மூலைகளிலிருந்து டேப் பிடியுங்கள். மூடியைத் திறந்து, மேலிருந்தபடியே ஆழம் பாருங்கள். விஷவாயு இருக்கும், யாரும் உள்ளே இறங்கவே கூடாது. மூடி மட்டம் (கடல் மட்டத்திலிருந்து உயரம்) 4.20 மீட்டர், ஆழம் 1.85 என்றால் குழாயின் அடிமட்டம் 2.35. ஓட்டத்தின் திசையில் அடுத்த மூடியில் அது குறைய வேண்டும். கூடினால் திரும்ப அளங்கள், சாக்கடை மேடேறாது.

4. கேபிளையும் இரும்புக் குழாயையும் மின்காந்தக் கருவி பிடித்துவிடும், பிவிசியைப் பிடிக்காது. அதற்குத் தரையூடுருவும் ரேடார். திரையில் கவிழ்ந்த கிண்ணம் போன்ற வளைவு தெரிந்தால் அதன் உச்சிதான் குழாயின் மேல்பக்கம். அலை வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 0.1 மீட்டர் போகும் மண்ணில், போய்த் திரும்ப அப்படி 20 பங்கு ஆனால் ஆழம் 1 மீட்டர். வேகம் மண்ணுக்கு மண் மாறும் என்பதால், ஆழம் தெரிந்த குழாய்மேல் முதலில் ஓட்டிச் சரிபாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புநீர் ஊறிய மண் ரேடார் அலையை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடகைக் காசுதான் வீண். இந்த அளவீடுகள் 'பி'.

5. சந்தேகமான இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டி, குழாயைக் கண்ணால் பார்த்து அளந்தால் மட்டுமே 'ஏ'. அதற்கு முழுக்கோடு.

வேலை தொடங்குமுன் 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' (தோண்டுமுன் தெரிவியுங்கள்) செயலியிலும் பதிந்துவிடுங்கள். புதுக் குழாய் பதித்தால், மண் மூடுவதற்குள்ளேயே அளந்து ஏற்றிவிடுங்கள். அப்போது ரேடாரும் வேண்டாம், குழியும் வேண்டாம்.