மலேரியாத் தடுப்பூசி: ஒட்டுண்ணியை எந்தக் கட்டத்தில் மறிப்பது?

ஒட்டுண்ணி நோய்க்குத் தடுப்பூசி உருவாக்க முனைபவர், எந்தப் புரதம் பயன்படும் என்று தேடுவதற்கு முன்பே, அந்த உயிரியை அதன் வாழ்க்கைச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் மறிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துக்கு 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. கொசுக்கடியின்போது ஸ்போரோசோயிட் எனப்படும் தொற்று வடிவில் உடலுக்குள் நுழைந்து, கல்லீரலில் பெருகி, சிவப்பணுக்களுக்குள் புகும் அது, கட்டத்துக்குக் கட்டம் தன் மேற்பரப்புப் புரதங்களை மாற்றிக்கொள்கிறது. கல்லீரலை அடையுமுன் மறித்தால் காய்ச்சலே வராது. ஆனால் ஒரே ஒரு ஸ்போரோசோயிட் தப்பினாலும் ஆயிரக்கணக்கான ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் இறங்கிவிடும். கொசுவுக்குள் மறிக்கும் தடுப்பூசி ஊரைக் காக்குமே தவிர, போட்டுக்கொண்டவரை நேரடியாகக் காக்காது.

கல்லீரலுக்கு முந்தைய கட்டமே சிறந்தது என்பது என் கருத்து. கதிர்வீச்சால் வலுவிழந்த ஸ்போரோசோயிட்டுகள் எலிகளைக் காக்கின்றன என்று ஆய்வாளர் ரூத் நுசென்ஸ்வைக் 1967-இல் காட்டியதே இதற்கு அடித்தளம்.

அடுத்து, தேர்ந்த புரதத்தை உடல் பொருட்படுத்தும் வடிவில் அமைக்க வேண்டும். ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்தின் ஒரு பகுதியை ஹெபடைடிஸ் பி மேற்பரப்புப் புரதத்துடன் இணைத்து, நுண்துகளாக்கி உருவாக்கியதே ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசி. அதனுடன் சேரும் ஊக்கப்பொருளில், அதாவது உடலின் எதிர்ப்பைத் தூண்டிவிடும் பொருளில், சிலி நாட்டுக் குயிலாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சபோனின் என்ற நுரைக்கும் சேர்மம் உள்ளது. ஊக்கப்பொருளைக் கடைசியில் சேர்க்கும் துணைச்சரக்காக எண்ணக் கூடாது; பாதுகாப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

சோதனையின்போது, நோய் பரவலாக உள்ள பகுதி மக்களின் உடல் அந்த ஒட்டுண்ணியை ஏற்கெனவே அறிந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. குடலில் வாழும் ஒட்டுண்ணியான கொக்கிப்புழுவுக்கு எதிரான ஒரு தடுப்பூசி பிரேசிலில் போடப்பட்டபோது, முன்பே தொற்றுக்கு ஆளானவர்களுக்குத் தடிப்பு ஒவ்வாமை ஏற்பட்டு ஆய்வு நிறுத்தப்பட்டது. எனவே, தடுப்பூசியில் உள்ள புரதத்துக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) அவர்களின் குருதியில் உள்ளதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கிடைக்கும் பயனளவு சிறிதாகத் தோன்றினாலும் கைவிட வேண்டாம். 4 தவணை பெற்ற 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் ஆர்டிஎஸ்,எஸ் சுமார் 36 சதவீத மலேரியாவையே தடுத்தது; ஒரே குழந்தை ஆண்டுக்குப் பலமுறை காய்ச்சலில் விழும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் அது பெரும் பயன் என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 என்ற மற்றொரு மலேரியாத் தடுப்பூசி 2023-இல் பரிந்துரை பெற்றது. எதிர்ப்பாற்றல் மாதங்கள் செல்லச்செல்லக் குறைவதால், மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பெருகும் புர்கினா ஃபாசோ போன்ற இடங்களில் தவணைகளை மழைக்கு முன்பே முடிக்குமாறு திட்டமிட வேண்டும்.