வெள்ளத்தில் போனவர்களுக்கு ஊர் சேர்ந்து கல் வைப்பது எப்படி

முதல் வேலையாகச் சிற்பியைத் தேடிப் போகாதீர்கள். அட்வான்ஸ் கைமாறிவிட்டால் அப்புறம் ஊர்க்கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சுதான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததற்காக எங்கள் ஊரில் ஒரு கல் வைத்தோம். அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

இடம்தான் பெரிய சண்டை. ஒரு தெருவுக்குள் வைத்தால் அது அந்தத் தெருக் கல்லாகிவிடும், நம்ம பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் வந்துபோகும் இடமாகப் பாருங்கள், ஆனால் ரோட்டோரம் வேண்டாம். பொது ரோடு, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதிக்கக்கூடாது என்று 2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆற்றுப் புறம்போக்கும் வேண்டாம், அடுத்த வெள்ளம் கல்லையே கொண்டுபோய்விடும். யாராவது பட்டா நிலத்தில் ஒரு துண்டு கொடுத்தால் நல்லது, வாய்வார்த்தையாக இல்லாமல் பத்திரம் பதிந்து வாங்குங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் போட்டு, நகலை மனுவோடு சேர்த்து கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள்.

பணம். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடாதீர்கள், கட்ட முடியாதவர் கூட்டத்துக்கே வரமாட்டார். முடிந்ததைக் கொடுக்கட்டும், பத்து ரூபாய்க்கும் ரசீது. திருநெல்வேலியில் தாமிரபரணிக்குக் குறுக்கே சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டினார், 1843-இல் திறந்தார்கள், இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. பாலத்துக்கு அது சரி. இறந்தவர்களுக்கு வைக்கும் கல்லில் ஒருவரே மொத்தச் செலவையும் ஏற்கிறேன் என்றால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். உபயதாரர் பெயர்களும் வேண்டாம், ரசீது போதும்.

வடிவத்துக்கு நாங்கள் சுமைதாங்கியை எடுத்துக்கொண்டோம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நம் ஊர்களில் வைப்பார்களே, இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தி, அதேதான்.

நட்ட கல்லில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு வெட்ட நினைத்தபோதுதான் மாட்டிக்கொண்டோம். பொங்கலுக்கு எல்லாரும் வெள்ளையடித்ததில் சுவரில் இருந்த சேற்றுக்கறை போயிருந்தது. ஒரே ஒரு மாட்டுத் தொழுவத்தில் மட்டும் மிச்சம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை ஒரு முனை அந்தக் கறையிலும் மறுமுனை கல் நிற்கும் இடத்திலுமாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அரை நாள் ஆனது. நீங்கள் கறை இருக்கும்போதே சுவரில் உளியால் ஒரு கொத்து கொத்தி வைத்துவிடுங்கள்.

பெயர்களை கல்லில் வரப்போகும் அளவிலேயே தாளில் அச்சடித்து, பதினைந்து நாளாவது சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ளகர ழகரத் தப்பெல்லாம் அங்கேயே பிடிபடும். அரசுப் பட்டியலைப் பார்த்து நாங்கள் அடித்த ஒரு பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு ஆச்சி, “அந்தப் பேரச் சொன்னா எனக்கே யாருன்னு தெரியாதுய்யா” என்றாள். அவள் புருஷன் பெயர்தான் அது. ஊர் கூப்பிட்ட பெயரையும் சேர்த்தோம். சாதிப் பெயர் யாருக்கும் போடுவதில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் கிளப்பினால் தீராது.

எழுத்துக் குழியில் அடிக்கும் பெயிண்ட் வெயிலில் உரியும். திறப்பு விழாப் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் மொத்தத்தையும் கரைத்துவிடாமல், திரும்ப அடிக்கக் கணக்கில் கொஞ்சம் விட்டு வையுங்கள்.