ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா? பிளம்பர் இல்லாமல் சரிசெய்வது எப்படி

ராத்திரி மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் பாதி காலி. குழாய் எதுவும் ஒழுகவில்லை, சுவரில் ஈரமில்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃபிளஷ் டேங்கைத்தான். அங்கே கசியும் தண்ணீர் கமோடின் பின்பக்கமாக வழிந்து நேராகச் செப்டிக் டேங்குக்குப் போய்விடுவதால் கண்ணில் படாது. நான்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் நூல் மாதிரி ஓடினாலே ஒரு நாளைக்கு 360 லிட்டர் போய்விடும்.

பிளம்பரைக் கூப்பிட்டால் “உள்ளே இருக்கற செட்டையே மாத்திடலாம்” என்று சொல்வதுதான் வழக்கம். அவருக்கு அது சுலபம், திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான டேங்குகளுக்குத் தேவைப்படுவது ஒரு வாஷர், இல்லையென்றால் அரை மணி நேரச் சுத்தம். உள்ளே முக்கியமாக இருப்பவை இரண்டே உறுப்புகள்: தண்ணீரை டேங்குக்குள் விடும் இன்லெட் வால்வு, அதைக் கமோடுக்குள் விடும் ஃபிளஷ் வால்வு. இந்த இரண்டில் எது கெட்டிருக்கிறது என்று தெரியும்வரை கடைக்குப் போகாதீர்கள்.

எந்த வால்வு பழுது?

முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். பழைய பி.வி.சி. டேங்க் என்றால் மூடி அப்படியே மேலே வந்துவிடும். பீங்கான் டேங்கில் பட்டன்தான் மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிவிட்டு மூடியைத் தூக்குங்கள். தூக்கியதைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். பழைய துண்டை விரித்து அதன்மேல் தரையில் படுக்க வையுங்கள். உடைந்தால் மூடி மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

உள்ளே நடுவில், மேல்பக்கம் திறந்தபடி ஒரு குழாய் நிற்கும். அதுதான் ஓவர்ஃபுளோ. தண்ணீர் அதன் வாய்வரை ஏறி உள்ளே வழிந்துகொண்டிருந்தால் இன்லெட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். தண்ணீர் அதற்குக் கீழே நிற்கிறது, ஆனாலும் கமோடில் ஓட்டம் தெரிகிறது, அல்லது யாரும் தொடாமலேயே பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை டேங்க் நிரம்பும் சத்தம் கேட்கிறது என்றால் ஃபிளஷ் வால்வில் கசிவு.

பார்வைக்குப் பிடிபடவில்லையா? டேங்க் நிரம்பியதும் ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் வரும் லைனில் சுவரோரம் இருக்கும் சின்ன வால்வு) மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் உட்சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஃபிளஷ் வால்வு; இறங்கவே இல்லை என்றால் இன்லெட் வால்வு. சில சமயம் கொஞ்சம் இறங்கி, ஓவர்ஃபுளோ குழாயின் பாதியில் நின்றுவிடும். அப்போது தண்ணீர் நின்ற உயரத்தில் அந்தக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; வாஷரை மாற்றி அதற்குப் பலன் இருக்காது.

இன்னொரு சோதனை, டேங்குக்குள் ஒரு சிட்டிகை கேசரி பவுடர். ஃபிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் காத்திருந்தால், கசிவு இருக்கும் டேங்கில் கமோடுத் தண்ணீர் நிறம் மாறிவிடும். பென்சில் கோட்டில் தெரியாத சின்னக் கசிவுக்கும் இது போதும்.

கை வைப்பதற்கு முன் ஆங்கிள் காக் முழுசாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வருஷம் தொடாமல் கிடந்த காக் பாதியில் இறுகி நிற்கும். கட்டிங் பிளேயரால் முறுக்கினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும், அப்புறம் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். அது மூடவில்லை என்றால் பாத்ரூம் லைனின் வால்வையோ மாடியில் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வையோ மூடுங்கள்.

இன்லெட் வால்வு மூடவில்லை என்றால்

மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. மிதவை போதுமான அளவு மேலே வரவில்லை, அவ்வளவுதான். பந்தும் கம்பியும் உள்ள பழைய வகையில் பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் பந்து ஓட்டை, புதிதுதான் போட வேண்டும். பந்து நல்லதாக இருந்து, கம்பி பித்தளை என்றால் லேசாகக் கீழ்நோக்கி வளைத்தால் மட்டம் குறையும். பிளாஸ்டிக் கம்பியை வளைக்காதீர்கள், அதில் திருகு இருக்கும். செங்குத்தான புதிய வகையில் மிதவையின் பக்கத்தில் ஒரு நீளத் திருகு அல்லது கிளிப் இருக்கும். அதை இறக்கினால் மட்டமும் இறங்கும். மிதவையோ கம்பியோ டேங்கின் சுவரில் உரசினாலும் இதே கோளாறு வரும்.

மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்? டேங்கின் உட்சுவரில் கோடு போட்டிருந்தால் அதுவரை. கோடு இல்லை என்றால் ஓவர்ஃபுளோ வாய்க்கு ஓர் அங்குலம் கீழே. தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்று அதற்கும் கீழே இறக்கினால் ஒரு ஃபிளஷ் போதாமல் இரண்டு தடவை அழுத்த வேண்டிவரும்.

மிதவையைத் தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வால்வுக்குள் மண்ணோ உப்போ சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. மாடித் தொட்டியைக் கழுவிய சில நாட்களில் இந்தக் கோளாறு வருவது சகஜம்; கலங்கிய வண்டல் இங்கே வந்துதான் உட்காரும்.

ஆங்கிள் காக்கை மூடுங்கள். வால்வின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலைமூடியை இடப்பக்கமாகச் சற்றே திருப்பினால் பெரும்பாலான மாடல்களில் கழன்றுவிடும். உள்ளே வட்டமான ரப்பர் ஒன்று இருக்கும். கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது முக்கியம். இப்போது திறந்து கிடக்கும் வால்வின் தலைமேல் பாத்ரூம் மக்கைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, காக்கைப் பத்து விநாடி திறந்துவிட்டு மூடுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது உள்ளே சிக்கிய மண் வெளியே வந்துவிடும். மக் இல்லாமல் திறந்தால் கூரைவரை நனையும். ரப்பரைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஊசித்துளை உள்ள ரகமாக இருந்தால் அது அடைபட்டாலும் தண்ணீர் நிற்காது. ஊசியால் குத்திப் பெரிதாக்கிவிடாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிழிந்தோ கல் மாதிரி இறுகியோ இருந்தால் மாற்றுங்கள்.

முழு வால்வையே மாற்ற வேண்டி வந்தால், இணைப்பு டேங்குக்கு அடியிலா பக்கவாட்டிலா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள், இரண்டும் வேறு வேறு. இணைப்பு அளவு பெரும்பாலும் அரை இஞ்ச். ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்ளே, நட்டு வெளியே. நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருகுங்கள். பலத்தைக் காட்டினால் பீங்கான் விரியும். ஆங்கிள் காக்கிலிருந்து டேங்குக்கு வரும் கனெக்ஷன் ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. டேப் சுற்ற வேண்டியது ஆங்கிள் காக் சுவருக்குள் போகும் மரையில்தான்.

மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடுகளுக்கு ஒரு விஷயம். தண்ணீர் இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ரப்பர் தகடு உள்ள புதிய வகை வால்வுகள் மூடுவதற்கு அந்த அழுத்தத்தையே நம்பியிருப்பவை. அங்கே பழைய பந்துக் கம்பி வகையே தேவலை.

ஃபிளஷ் வால்வு கசிந்தால்

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் பாதிக் கேஸ் இதுதான். வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர், டேங்கின் அடித்துளையைச் சுற்றியுள்ள விளிம்பில் அழுந்தி உட்கார்ந்தால்தான் தண்ணீர் நிற்கும். அந்த விளிம்பில் உப்புப் படிந்து சொரசொரப்பானால் வாஷர் புதிதாக இருந்தாலும் கசியும். வாஷரை மட்டும் மாற்றிவிட்டு விளிம்பைத் தொடாமல் விடுவதால்தான் ஒரே மாதத்தில் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது.

வால்வை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. மூடியைக் கழற்றியதும் கசிவு தானாக நின்றுவிட்டால் வாஷர்மேல் குற்றமில்லை; பட்டனிலிருந்து இறங்கும் தண்டு நீளமாகி வால்வை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. தண்டைத் திருகிக் குறைத்து, பட்டனுக்கும் வால்வுக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சங்கிலி வகையில் சங்கிலி அரை அங்குலமாவது தொய்வாக இருக்க வேண்டும்.

அப்படி நிற்கவில்லை என்றால் காக்கை மூடி, ஃபிளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். அடியில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். டபுள் ஃபிளஷ் வால்வின் உடலைப் பிடித்துக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பி நேராகத் தூக்கினால் மேல்பகுதி தனியாக வந்துவிடும். அடியில் இருக்கும் வாஷரைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். கறுப்பு ரப்பர் கையில் மைபோல் ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் தட்டையான வாஷராக இருந்தால் புரட்டிப் போட்டுச் சில வாரம் ஓட்டலாம். புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிவட்டம், உள்துளை, தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கசியும். சிலிக்கான் வாஷர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

விளிம்பைச் சுத்தம் செய்ய ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து, அதில் நனைத்த துணியை விளிம்பின்மேல் சுற்றிவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நைலான் நாரால் தேய்க்கலாம். கத்தி, ஸ்டீல் நார், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதை எந்த வாஷரும் அடைக்காது. டாய்லெட் கிளீனர் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றுவது இன்னொரு தவறு. பித்தளையையும் ரப்பரையும் அரித்துவிடும். ஏற்கெனவே குளோரின் மாத்திரை போட்ட டேங்கில் எந்த ஆசிட்டையும் சேர்க்காதீர்கள், சிட்ரிக் ஆசிட் உட்பட. நச்சு வாயு கிளம்பும். முதலில் நாலைந்து ஃபிளஷ் செய்து நன்றாக அலசிவிடுங்கள். வாஷருக்கு வாசலின், தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

திரும்பப் பொருத்தும்போது வால்வில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் இரண்டும் பள்ளத்தில் உட்கார்ந்து ‘கிளிக்’ என்று பூட்ட வேண்டும். டேங்கை நிரப்பிக் கேசரி பவுடர் சோதனையை இன்னொரு தடவை செய்து பாருங்கள். இன்னும் கசிந்தால் வால்வின் கீழ்ப்பகுதியே போயிருக்கலாம். கமோடோடு ஒட்டிய பீங்கான் டேங்கில் அதை மாற்ற, போல்ட்டுகளைக் கழற்றி டேங்கையே தூக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட் என்றால் அந்த வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிடலாம்.

சுவருக்குள் புதைந்த டேங்கும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. பட்டன் பிளேட்டைக் கழற்றினால் வரும் சின்னச் சதுர ஓட்டைதான் ஒரே வழி. தண்ணீரை மூடும் காக்கும் அதற்குள்ளேயே இருக்கும். உள்ளே விழுந்த திருகை எடுப்பது பெரும்பாடு, அதனால் கழற்றும்போது ஒவ்வொன்றையும் வெளியே ஒரு கிண்ணத்தில் போடுங்கள். உதிரிபாகம் அந்த டேங்கின் கம்பெனியுடையதுதான் பொருந்தும். பிளேட்டிலோ உள் உறையிலோ இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.